ஆண்டாளம்மா நம்பர்

காவாந்தண்டலம்,
8.7.2024.
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

மாநிலப் பொதுச்செயலாளர் அவர்கள்,
ஊரகச் செவிலியர் முன்னேற்றச் சங்கம்,
திருவல்லிக்கேணி, சென்னை.

பொதுச்செயலாளர் சசிரேகா அவர்களுக்கு,

வணக்கம். இதை எழுதுவது காவாந்தண்டலம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஆண்டாளம்மாள். பக்கத்து ஊரான பெருநகரில் நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது உங்களுக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவள், பிறகு இந்தச் சங்கத்தின் மாவட்டச் செயலாளராக இருந்தவள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய பெயர்கள் மறந்துபோகும் என்பதால் சொல்லிவைக்கிறேன். போராட்டத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நான் பேசிய வருடம், என்னை மேடையில் ஏற்றி, "அக்கா இனி ஓய்வெடுக்கட்டும்" என்று சால்வை போர்த்திப் பதவியை எடுத்துக்கொண்டீர்கள். போர்த்தியது உங்கள் கை. சால்வை நல்ல சால்வைதான். மிக்சிக்குத் தூசி படாமல் மூடி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனங்களின் உடம்பு விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குத் துறை ஒரு வரைவு விதி வெளியிட்டிருக்கிறது. ஒருவருடைய பதிவைத் திறக்க வேண்டுமானால் அவர் கொடுத்த போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அந்த ஓடிபியைச் சொன்னால்தான் திறக்கும். அதில் பதினான்காம் விதி: ஒருவருக்கு ஒரு போன் எண். ஊழியர் வேறொருவர் எண்ணைப் பதிந்தால் ஒழுங்கு நடவடிக்கை.

விதி இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது. ஆனால் குறிப்பாணை வந்துவிட்டது. இப்போது இங்கே வேலை பார்க்கும் தமிழ்ச்செல்விக்கு. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒரே எண்ணைப் பதிந்திருக்கிறாளாம், ஏன் ஒழுங்கு விதி 17(பி)யின் கீழ் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் இன்னும் தகுதிகாண் பருவமே முடிக்கவில்லை. குற்றச்சாட்டு விழுந்தால் வேலை நிலைக்காது.

அந்த ஒரே எண் என்னுடையது.

நான் வேலையில் இருந்தபோது துணை நிலையத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதிவைத்த எண். இந்த ஊரில் யாரிடம் போன் நம்பர் கேட்டாலும் "ஆண்டாளம்மா நம்பரே போட்டுக்கோ" என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. மருமகள் போன் என்று தனியாக இருந்தால் அதை மாமியார் வைத்திருப்பாள். புருஷன் எண்ணைக் கொடுத்தால் அவன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் இருப்பான், உள்ளே போகும்போது போனை கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கள் தெரு கார்த்திக் அப்படித்தான். அவன் மனைவி நிஷா வளைகாப்பு முடிந்து பெருநகரில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கிருக்கும் செவிலியர் பாக்கியமேரி அவள் பதிவைத் திறக்க வேண்டுமானால் எனக்குப் போன் செய்கிறாள், நான் எண் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அச்சடித்த அட்டை இந்த வருடம் வரவில்லை, எல்லாம் கம்ப்யூட்டர்தான்.

வரைவுக்குச் சங்கங்கள் கொடுத்த பதில்களையெல்லாம் இணையத்தில் நானே தேடிப் படித்தேன். என் இங்கிலீஷ் அரசாணை படித்துப் படித்து வந்த இங்கிலீஷ், ஆனாலும் போதுமானது. டாக்டர்கள் சங்கம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கூட்டமைப்பு அதைவிட அதிகம். நம் சங்கம் எழுதியது ஒன்றரைப் பக்கம். டேப்லெட் வேண்டும், டேட்டா படி வேண்டும், பதவி உயர்வு இடங்கள் வேண்டும். பதினான்கைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் என்று எழுத்து மூலம் பதில் வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். என் போனில் பேச முடியாது. ஓடிபி பத்து நிமிடத்தில் செத்துவிடும். நான் உங்களோடு வழக்காடிக்கொண்டிருக்கும்போது பெருநகரிலிருந்து கூப்பிட்டால் அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள். ஆகவே கடிதம்.

இப்படிக்கு,
ஆண்டாளம்மாள்,
மாவட்டச் செயலாளர் (நீக்கப்பட்டவர்).


சென்னை,
15.7.2024.

அன்புள்ள அக்காவுக்கு,

சசி எழுதுகிறேன். ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போடும்போதே உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டேன். நலமா? கண் ஆபரேஷன் செய்துகொண்டதாகப் பாக்கியமேரி சொன்னாள். எனக்கு முழங்கால் சரியில்லை, மாடியில் இருக்கும் சங்க அலுவலகத்துக்கு ஏறி இறங்குவதே ஒரு வேலை. அடுத்த வருடம் நானும் ஓய்வு.

எழுத்து மூலம் கேட்டதால் எழுத்து மூலமே சொல்கிறேன். இந்த விதிகளை எழுதும் ஆலோசனைக் குழுவில் நம்மோடு சேர்த்து ஐந்து சங்கங்கள். பதினான்காம் விதியைக் கேட்டது கம்பெனிகள் கூட்டமைப்பு. அவர்கள் செய்துவைத்திருக்கும் மென்பொருள் அப்படித்தான் வேலை செய்யுமாம். டாக்டர்கள் சங்கம் அதை ஆதரித்தது. பதிவை டாக்டர் மட்டுமே திறக்க வேண்டும், நாம் விவரம் ஏற்றினால் போதும் என்பது அவர்கள் கோரிக்கை. அதைத் தடுப்பதற்கே எனக்கு மூச்சு முட்டியது. நம் பதவி உயர்வுக் கோப்பு எத்தனை வருடமாகத் தூங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். துறை அதை எடுப்பதாகச் சொன்னது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றால் எதுவும் கிடைக்காது அக்கா. பதினான்கை விட்டேன்.

தமிழ்ச்செல்வி ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்கட்டும். தெரியாமல் நடந்தது, இனி நடக்காது என்று இரண்டு வரி. துணை இயக்குநரிடம் நான் பேசுகிறேன். கண்டிப்போடு முடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். ஓடிபி மட்டுமா அந்த எண்ணுக்கு வருகிறது? ரத்தப் பரிசோதனை முடிவும் வருகிறது. அந்தப் பெண்கள் தங்கள் வீட்டில்கூடச் சொல்லாதது உங்கள் போனில் வந்து விழுகிறது. நீங்கள் நல்லவர். ஆனால் நாற்பது வீட்டுச் சாவி ஒருவர் இடுப்பில் தொங்குவது நல்லதா என்று யோசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
சசி.


காவாந்தண்டலம்,
22.7.2024.
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

பொதுச்செயலாளருக்கு,

பதில் கிடைத்தது. என் கண் நன்றாகத் தெரிகிறது. நீங்கள் விட்டதும் தெரிகிறது.

மன்னிப்புக் கடிதம் கிடையாது. மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். ஒப்புக்கொண்டால் 17(பி)யில் விசாரணைகூட வேண்டாம், தண்டனை மட்டும் பாக்கி. நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு வந்த குறிப்பாணைகளுக்கெல்லாம் வக்கீல் வைக்காமல் நானே பதில் எழுதி ஜெயித்தவள்.

தமிழ்ச்செல்வியிடம் இதைச் சொல்லப் போனேன். சொர்ணவாரி நெல் அறுப்பு நடக்கிறது, தெருவில் ஆளே இல்லை. அவள் மட்டும் துணை நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கடிதத்தை எழுதியே வைத்திருந்தாள். கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "உனக்கு மாசம் பொறந்தா பென்சன் வந்துக்கினு கீது யக்கா. நீ வீராப்பா பேசலாம். நான் இன்னா பண்ணுவேன்? எங்கப்பா வட்டிக்கு வாங்கி என்னைப் படிக்க வெச்சாரு."

ஆனாலும் கிழித்தது சரிதான்.

சாவி விஷயம். ஆமாம், பரிசோதனை முடிவும் வருகிறது. மேட்டுத் தெரு சோபியாவுடையது போன வருடக் கடைசியில் வந்தது. என்ன என்று இங்கே எழுத மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமே நான் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து என் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டாள். பஸ்ஸுக்கு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். இதை நீங்கள் சொன்னதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

சாவி என்னிடம் இருப்பது தப்பு என்றால், அவர்களுக்கு வசதியான பூட்டை வைக்காதது யார் தப்பு? அதைக் குழுவில் கேட்கத்தானே சந்தா கட்டி உங்களை அனுப்பிவைத்திருக்கிறார்கள்?

ஆண்டாளம்மாள்.


சென்னை,
5.8.2024.

அன்புள்ள அக்காவுக்கு,

போன சனிக்கிழமை தமிழ்ச்செல்வி உங்களுக்குத் தெரியாமல் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். அவளைத் திட்டாதீர்கள். காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறாள், இட்லி வாங்கிக் கொடுத்தால் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். உங்கள் முன்னால் நின்று உங்களை மீற அவளால் முடியவில்லை. உங்களை நம்பி வேலையை இழக்கவும் முடியவில்லை. விளக்கம் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை கால நீட்டிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் விதி மாறினால் அவளுக்குக் கடிதமே தேவையில்லை. மாறாவிட்டால் அவள் எழுதுவாள். நீங்கள் கிழிக்கக் கூடாது. இதை மட்டும் எனக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

குழுவின் கடைசிக் கூட்டம் இருபதாம் தேதி. அன்று முடித்தால் முடித்ததுதான், அதற்கு மேல் அரசிதழ். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், பதினான்குக்குச் சம்மதம் என்று நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே வாயால் எழுந்து மாற்றிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சங்கம் ஒரு தடவை தலையாட்டிவிட்டால் அடுத்த தடவை அதன் தலையை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் என்னோடு ஒருவரை அழைத்துவர அனுமதி உண்டு. நீங்கள் வாருங்கள். பஸ் வேண்டாம், கார் அனுப்புகிறேன். என்னோடு பேச வேண்டாம், அவர்களோடு பேசுங்கள்.

சசி.


காவாந்தண்டலம்,
19.8.2024.
(தமிழ்ச்செல்வி கையில்)

சசிரேகாவுக்கு,

நான் வர மாட்டேன். சால்வை போர்த்தி அனுப்பிய இடத்துக்கு, சொல்லி அனுப்பினால் போவதற்கு நான் என்ன வாடகைப் பாத்திரமா?

ஆனால் நீ பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆகவே என் போனை அனுப்புகிறேன். அதைக் கூட்டத்தில் மேசைமேல் வை. சத்தத்தைக் குறைக்காதே. காலையிலிருந்து சாயங்காலம் வரை அது என்ன செய்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். நான் வந்து கத்தினால் கிழவி கத்துகிறாள் என்பார்கள். போன் கத்தினால் அப்படிச் சொல்ல முடியாது.

சில விஷயங்கள். சார்ஜர் வயரை ஒரு பக்கமாக மடக்கிப் பிடித்தால்தான் ஏறும். ஓடிபி வந்தால் யாருக்கு என்று போட்டிருக்காது. கூப்பிடுபவரிடம் பெண்ணின் பெயரைக் கேட்டுவிட்டுச் சொல். பெயர் கேட்காமல் யாருக்கும் சொல்லாதே, துணை இயக்குநரே கேட்டாலும். பாக்கியமேரி கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்று ஆரம்பிப்பாள், பேச்சு வளர்க்காதே. நிஷாவுக்கு இது ஒன்பதாவது மாதம். எங்கள் துணை நிலையத்தில் பார்த்தபோதே அவளுக்கு பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, மாத்திரையில் இருக்கிறாள். பெருநகரிலிருந்து அழைப்பு வந்தால் எந்த மினிஸ்டர் பேசிக்கொண்டிருந்தாலும் எடு.

சாயங்காலமே தமிழ்ச்செல்வியிடம் கொடுத்தனுப்பிவிடு. ஒரு நாள் கையில் போன் இல்லாமல் இருப்பேன். அந்த ஒரு நாளுக்கு நீதான் பொறுப்பு.

போனைச் சுற்றியிருக்கும் துணி அந்தச் சால்வைதான். பாதியாக வெட்டினேன். மிக்சிக்கு மீதிப் பாதி போதும்.

கிழிக்க மாட்டேன். மாறாவிட்டால் அவள் எழுதிக்கொள்ளட்டும்.

ஆண்டாள்.


சென்னை,
20.8.2024, மாலை.
(தமிழ்ச்செல்வி கையில்)

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ்ச்செல்வி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறாள், ஆனாலும் எழுதித்தான் அனுப்புவேன்.

போனை மேசைமேல் வைத்தேன். குழுத் தலைவராக இருக்கும் அம்மா, போன்களை அமைதியில் வைக்கச் சொன்னார். இது என்னுடையது இல்லை, காவாந்தண்டலத்துப் பெண்களுடையது, சத்தத்தைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. டாக்டர்கள் சங்கத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனிகள் கூட்டமைப்பிலிருந்து வருகிற தம்பி, சின்ன வயசுதான், சுவரில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு குடிமகன் பதிவுக்கும் அவர் கையில் மட்டுமே ஒரு சாவி என்றார். அப்போது போன் 'டிங்' என்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்கு அவரே பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பேருக்கு வெளியே போய் எண் சொல்லிவிட்டு வந்தேன், பெயர் கேட்டுத்தான்.

பிறகு மணி அடித்தது. பெருநகர். நான் எழுந்தேன். தலைவர், இங்கேயே பேசுங்கள், எல்லோரும் கேட்கட்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

பாக்கியமேரி இந்தத் தடவை சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "யக்கா, எங்க போய்ட்ட? எவ்ளோ நேரமா அடிச்சிக்கினு கீறேன், லைனு பிஸியாவே கீது! நிஷா வந்து குந்திக்கினு கீது. காலு வீங்கிப் போய், கண்ணு மங்கலாத் தெரீதுன்றா. பிரஷரு ஏறிக்கீது. 108க்கு சொல்லிட்டேன். இன்னா மாத்திர போட்டுக்கினு இருந்தா, எவ்ளோ இருந்துச்சுன்னு பாக்கணும், பெரிய ஆஸ்பத்திரில கேப்பாங்கோ. நம்பரு வந்துச்சா?"

வந்திருந்தது. சொன்னேன். என் குரலைக் கேட்டு, "சசியக்காவா? அந்த போன் உன் கையில எப்டி?" என்றாள். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றேன். பதிவு திறந்துவிட்டது. அவள் படித்துக்கொண்டே யாரிடமோ சொல்வது இங்கே எல்லோருக்கும் கேட்டது. நிஷாவின் அம்மா செங்கேணி அழுவதும் கேட்டது. வண்டி வந்த சத்தம். பிறகு பாக்கியமேரி போனை வைப்பதற்கு முன்னால், ஸ்பீக்கரில் இருக்கிறது என்று தெரியாமல் சொன்னாளே:

"மீட்டிங்ல குந்திக்கினு கீறல்ல, ஒண்ணு கேளு யக்கா. இந்த நம்பரைக் கண்டுபுடிச்ச மவராசன் இருக்கானே, அவன் பொண்டாட்டி எந்த வூட்டுக்குப் போய் புள்ள பெத்தாளாம்?"

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு அந்தக் கம்பெனித் தம்பி, முகம் சிவந்து, தன் மனைவி இப்போது திருநெல்வேலியில் அம்மா வீட்டில் ஏழாவது மாதம் என்றார். பதிவில் யார் எண் என்று தலைவர் கேட்டார். "என் எண்தான் மேடம்." அது இப்போது எங்கே இருக்கிறது? சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அமைதியில் இருந்தது. இரண்டு அழைப்பு தவறிப்போயிருந்தது. அவர் வெளியே ஓடிப்போய் பேசிவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை, வழக்கமான பரிசோதனைதானாம். ஆனால் வந்து உட்கார்ந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார்.

டாக்டர்கள் சங்கத்துக்காரர் விடவில்லை. அப்படியானால் டாக்டர் மட்டும் ஓடிபி இல்லாமல் திறக்கலாம் என்று எழுதுங்கள் என்றார். பெருநகர்த் துணை நிலையத்தில் அந்த நேரத்தில் எந்த டாக்டர் இருந்தார் என்று கேட்டேன். பதினான்கு இப்படியே போனால் எங்கள் சங்கத்தின் சம்மதத்தை முழு வரைவுக்கும் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொன்னேன். பதவி உயர்வுக் கோப்பு என்ன ஆகும் என்று துறை அதிகாரி எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். ஆகிறது ஆகட்டும் என்றேன். அக்கா, அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. போன் இன்னும் என் கையில் சூடாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். ஒருவருக்கு இரண்டு எண், வேண்டுமானால் ஒன்று பிறந்த வீட்டுடையது. பெண் நேரில் வந்து சம்மதித்தால், அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊர்ச் செவிலியர் ஓடிபி இல்லாமலே திறக்கலாம். யார் திறந்தார்கள் என்பது பதிவாகும், அது டாக்டர்கள் கேட்டது, நியாயம்தான். பரிசோதனை முடிவு அவள் சொல்லும் எண்ணுக்கு மட்டும். இது நான் கேட்டது. எண் பதிந்ததற்காக ஊழியர்மேல் நடவடிக்கை என்ற வரி அடிக்கப்பட்டது.

கோப்பு தள்ளிப்போகும். சங்கத்தில் என்னைக் கிழிப்பார்கள். பழைய ஆண்டாளம்மா மாதிரி ஆகிவிட்டாய் என்று பொருளாளர் இப்போதே சொல்லிவிட்டார்.

இப்போதுதான் பாக்கியமேரி கூப்பிட்டாள். காஞ்சிபுரத்தில் சேர்த்துவிட்டார்களாம். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். தமிழ்ச்செல்வியிடம் சொன்னதும் பெஞ்சிலேயே உட்கார்ந்து வாங்கிக் கொடுத்த இட்லி முழுவதையும் சாப்பிட்டாள்.

போனைத் திருப்பி அனுப்புகிறேன். சால்வையை அனுப்பவில்லை. அது என்னிடம் இருக்கட்டும்.

உங்கள்,
சசி.


காவாந்தண்டலம்,
26.8.2024.
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

சசிரேகாவுக்கு,

கடிதத்தைத் தமிழ்ச்செல்வி நின்றுகொண்டே படித்துக் காட்டினாள். பாக்கியமேரி கேட்ட கேள்வி வந்த இடத்தில் அவளால் படிக்க முடியவில்லை, நான் வாங்கிப் படித்தேன். வாய் இருக்கிறதே அந்தப் பாக்கியத்துக்கு.

நேற்று பஸ் பிடித்து காஞ்சிபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நிஷா வெளுத்துப்போயிருக்கிறாள், பேச்சு தெளிவாக இருக்கிறது. குழந்தை சின்னது, அழுகை பெரியது. கார்த்திக் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வராந்தாவில் நிற்கிறான். அவன் என்னிடம், "அன்னைக்கி கேட்ல போனை வாங்கி வெச்சிட்டாங்கம்மா, ராத்திரி வெளிய வந்துதான் தெரியும், அப்பா ஆயிட்டேன்னு" என்றான். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். நான் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ எழுதிய விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. நேரில் வந்து சம்மதித்தால் என்று போட்டிருக்கிறாய். மயங்கிக் கிடப்பவள் எப்படிச் சம்மதிப்பாள்? அவசர நேரத்துக்கு என்று தனியாக ஒரு வரி வேண்டும். அரசிதழில் வருவதற்கு முன் அதைச் சேர். சேர்த்தாயா என்று எழுது.

கோப்பு தள்ளிப்போனதற்காக உன்னை யாராவது சால்வையோடு வந்து பார்த்தால் எனக்குச் சொல். என்ன பேச வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.

ஆண்டாள்.


சென்னை,
23.9.2024.

அன்புள்ள அக்காவுக்கு,

சேர்த்துவிட்டேன். டாக்டர்கள் சங்கத்துக்காரரே உங்கள் வரியை ஆதரித்தார், அவசரம் என்றால் அவருக்கும் சேர்த்துத்தானே. அரசிதழில் வெளியாகிவிட்டது. இதனோடு நகல் வைத்திருக்கிறேன், பக்கம் மூன்றில் பாருங்கள்.

தமிழ்ச்செல்வியின் குறிப்பாணை மேல்நடவடிக்கையின்றி கைவிடப்பட்டது. அவளுக்கு உத்தரவு இந்நேரம் கைக்கு வந்திருக்கும். மன்னிப்பு என்று ஒரு சொல்கூட இல்லாமல். நீங்கள் சொன்னது போல.

ஒரு மாதத்துக்குள் எல்லாப் பெண்களும் தாங்களே எண்ணைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். உங்கள் எண் எடுக்கப்படும். வருத்தமாக இருக்குமோ என்று நினைத்தேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தில் என்னை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் நானே போகப்போகிறவள் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள்,
சசி.


காவாந்தண்டலம்,
21.10.2024.

சசிக்கு,

பக்கம் மூன்றைப் பார்த்தேன். 'அவசர நிலை' என்பதற்கு விளக்கம் கொடுக்கவில்லை, அதில் அடுத்து யாராவது தகராறு செய்வார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எண் மாற்றுவதற்குத் துணை நிலையத்தில் முகாம் போட்டார்கள். நான் போகாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் பழைய எண்ணை எடுக்க வேண்டுமானால் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வருமாம். யார் யோசித்தார்களோ. காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னை எடுத்துவிடுவதற்கான எண்ணை நானே ஒவ்வொருத்திக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி, "ஆண்டாளம்மா நம்பரே இருக்கட்டுமே, இன்னா இப்போ?" என்று சண்டை போட்டாள். தமிழ்ச்செல்வி, "இருந்தா எனக்குத்தான்டி மெமோ வரும், மாத்து" என்று அதட்டினாள். வேலை நிலைத்த பிறகு அவளுக்குக் குரல் வந்துவிட்டது. என்னையும் அதட்டுகிறாள். கிழித்த காகிதத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை பேசவில்லை. பேச மாட்டாள் என்று நினைக்கிறேன்.

சோபியா கடைசியில் வந்தாள். தனக்கென்று புதிதாக ஒரு போன் வாங்கியிருக்கிறாள், மாமியாருக்குத் தெரிந்தே. நான் ஆறு இலக்கம் சொன்னேன். அவள் அடித்தாள். மாறிவிட்டது. எழுந்து போகப் போனவள் நின்று, "கண்ணு இப்போ நல்லாத் தெரீதாம்மா?" என்று கேட்டாள். நன்றாகத் தெரிகிறது என்றேன். மறுநாள் என் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனாள்.

நீ சாவி என்று எழுதினாயே. இடுப்பில் தொங்கியபோது அதன் கனம் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் சொல்வேன். அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

இப்போது போன் அடிப்பதே இல்லை. முதல் நாள் கெட்டுப்போய்விட்டதோ என்று பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானம் படுத்தேன், எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். யாரும் எழுப்பவில்லை. இப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்றோ. நிஷா குழந்தையோடு காவாந்தண்டலத்துக்கு வந்துவிட்டாள், அந்தக் குழந்தை அழும் சத்தம் மட்டும் நாலு வீடு தள்ளிக் கேட்கிறது.

இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். ஒப்புகை அட்டை வைக்கவில்லை. பதிலும் எழுத வேண்டாம். லைன் காலியாக இருக்கிறது, கூப்பிடு. நான் கூப்பிட மாட்டேன். என் பதவியை எடுத்தது நீ, முதலில் கூப்பிட வேண்டியதும் நீதான். அதில் மாற்றம் இல்லை. மத்தியானத்தில் மட்டும் வேண்டாம், தூங்குவேன்.

எண் உனக்கு மனப்பாடம். இல்லையென்றாலும் துணை நிலையத்துச் சுவரில் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன் என்று நினைக்காதே.

உன் அக்கா,
ஆண்டாள்.